கஞ்சிக்கு வந்த விசுவாசம்



வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசு வாசலில் ஒரு திங்கட்கிழமை காலை போய் நின்று பாருங்கள். செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம், போளூர், வந்தவாசி என்று நாலா பக்கமிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்த சனம் மனுவோடு நிற்கும். சேரியிலிருந்து வருகிற மனுவில் புதுசா ஒண்ணும் இருக்காது. மனைப்பட்டா, சுடுகாட்டுப் பாதை, குடிதண்ணி, சாதிச் சான்றிதழ். அப்பன் கொடுத்த மனுவைத்தான் மகனும் கொடுக்கிறான். மனுவின் அடியில் இருக்கிற கையெழுத்தையும் கைநாட்டையும் பாருங்கள். ஏழுமலை இருப்பார், ஏசுதாஸ் இருப்பார். முனியம்மா இருப்பார், மேரியம்மா இருப்பார். ஒரே தெரு, ஒரே இழிவு. ஊர்க்காரன் நம்மை அவமானப்படுத்தும்போது, நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்று விசாரித்துவிட்டு அவமானப்படுத்துவதில்லை.

இந்த வரிசையில் நிற்கிற ஏசுதாசும் மேரியம்மாவும் கிறிஸ்தவர்களாக வாழ்வது என்றால் என்ன? ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பதில் ரெடியாக இருக்கிறது. குடிக்காதே, சினிமா பார்க்காதே, தசமபாகம் கொடு, விடியக்காலை ஜெபம் பண்ணு, கஷ்டத்தைப் பொறுத்துக்கோ, பரலோகத்தில் பலன் உண்டு. குடிக்காதே என்பதில் நமக்குச் சண்டை இல்லை. குடி எத்தனை சேரிக் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆனால் இந்தப் பட்டியலில் சாதி எங்கே? சாதி பார்ப்பது பாவம், பார்க்கிறவனுக்கு நற்கருணை கிடையாது என்று எத்தனை பீடத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள்?

"மதத்தைப் பத்தி நமக்கென்ன தோழர், அம்பேத்கர் பௌத்தத்துக்குப் போயிட்டார், விட்டுடுங்க" என்று சிலர் சொல்வார்கள். அம்பேத்கர் விடவில்லையே. தீண்டப்படாதவர்கள் கிறிஸ்தவத்துக்குப் போனது பற்றியும், மதம் மாறிய பிறகு அவர்கள் நிலை என்ன ஆனது என்பது பற்றியும் தனித்தனிக் கட்டுரைகளே எழுதி வைத்திருக்கிறார். கிறிஸ்தவ சமயம் இவர்களின் சாதியை அழித்ததா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. 1885-லேயே 'திராவிட பாண்டியன்' இதழை நடத்தியவர் ரெவரெண்ட் ஜான் ரத்தினம், ஒரு போதகர். அவரோடு சேர்ந்து வேலை செய்த அயோத்திதாசப் பண்டிதர் பிறகு பௌத்தத்துக்குப் போனார். போதகரும் பண்டிதரும் ஒன்றாக உட்கார்ந்து பத்திரிகை நடத்திய மரபு நம்முடையது. இன்றைக்கும் நம் கூட்டங்களுக்கு வருகிற இளைஞர்களில் மிஷன் பள்ளியில் படித்தவர்கள், உபதேசியார் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆளாகவும் திங்கட்கிழமை ஓர் ஆளாகவும் இருக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் இந்தத் தலையங்கம்.

*

நம்ம சனங்கள் மேல் இன்றுவரை வீசப்படுகிற ஒரு வசை இருக்கிறது. "கஞ்சிக்கு மதம் மாறினவங்க." "அரிசிக் கிறிஸ்தவர்கள்." இந்துத்துவவாதி மட்டும் சொல்வதில்லை. பரம்பரையாக வேதக்காரராக இருக்கிற ஆதிக்க சாதிக் கிறிஸ்தவரும் கொஞ்சம் மெதுவான குரலில் இதையேதான் சொல்கிறார்.

கஞ்சிக்கு மாறியது உண்மையா? 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கில் செத்தார்கள். முதலில் செத்தவர்கள் யார்? நிலம் இல்லாதவர்கள், குதிரில் தானியம் இல்லாதவர்கள், பண்ணையாள்கள். அந்த நேரத்தில் பண்ணையார் களத்தைப் பூட்டினார். கோயில் மடைப்பள்ளி சேரிக்குத் திறக்கவில்லை. மிஷன் வளாகத்தில் கஞ்சி காய்ச்சினார்கள். சனம் போனது. பஞ்சத்தை ஒட்டிய வருஷங்களில் சேரி சேரியாக ஞானஸ்நானம் வாங்கினார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றாத மதம் வெட்கப்படட்டும். தன் சீடர்களுக்குச் செபம் கற்றுக்கொடுத்தவரே அன்றாட அப்பத்தைக் கேட்கச் சொல்லித்தானே கற்றுக்கொடுத்தார்?

கஞ்சியோடு இன்னொன்றும் கிடைத்தது. பெயர் சொல்லிக் கூப்பிடப்படுவது. கையில் சிலேட்டு. ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து தலை நிமிர்ந்து உட்காரும் உரிமை. வயிற்றுக்காக வந்தார்கள் என்று சொல்கிறவர்கள் மானத்துக்காகவும் வந்தார்கள் என்பதை மறைக்கிறார்கள். அதனால் நாம் இந்த வசையை மாலையாகப் போட்டுக்கொள்வோம். ஆமாம், எங்களுடையது கஞ்சிக்கு வந்த விசுவாசம். எங்கள் கேள்வி வேறு. கஞ்சி ஒரே உலையில் வெந்ததா, இல்லை சபைக்குள்ளேயும் தனி உலை வைத்தார்களா?

*

தனி உலைதான் வைத்தார்கள். 1706-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் வந்து இறங்கினார். 1718-ல் அங்கே புதிய எருசலேம் ஆலயம் எழும்பியது. ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாகத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்கள். தஞ்சாவூர்ப் படையில் சிப்பாயாக இருந்த ராஜநாயக்கன் என்ற பறையர், உபதேசியாராகி ஊர் ஊராக நடந்து சபைகளைக் கட்டினார். 1733-ல் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றவர் ஆரோன், வேளாளர். அடுத்து 1741-ல் தியோகு. ராஜநாயக்கனுக்குக் கடைசிவரை பட்டம் இல்லை. காரணம், அவர் கையால் நற்கருணை வாங்க உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான். கிறிஸ்துவின் சரீரம் என்று சொல்லிக் கொடுக்கிற அப்பம், பறையன் கை பட்டால் தீட்டு. தமிழ்ச் சபையின் பிறவிக் கோளாறு இது.

எல்லா வெள்ளைக்காரர்களும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை அடியோடு விடவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். சபையையே விட்டுப் போனவர்கள் உண்டு. இயேசுவை விட்டாலும் விடுவோம், பந்தியை விட மாட்டோம் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

நம்ம பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. மாணவத் தோழர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி இருக்கிறது. அதை நடத்துகிற ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் எங்கே தெரியுமா? லைப்சிக் மிஷனில் வேலை செய்தவர் கார்ல் ஓக்ஸ். சாதி என்பது சமூக வழக்கம், மெதுவாகப் போகும், பொறுத்துப் போகலாம் என்பது அந்த மிஷனின் நிலைபாடு. அதன் தலைவர் கார்ல் கிரௌல் அப்படித்தான் வாதாடினார். ஓக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பண்ருட்டிப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக ஊழியத்தைத் தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆக, திருவண்ணாமலை வட்டாரத்தின் சீர்திருத்தச் சபைக்கு அஸ்திவாரமே சாதியை எதிர்த்து வெளியேறிய ஒரு வெளிநடப்பு. இந்தக் கதையைச் சபை ஆண்டுவிழாவில் சொல்லுங்கள். எங்கள் ஸ்தாபகர் எதற்காகச் சண்டை போட்டார், நாங்கள் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று ஒவ்வொரு சபை அங்கத்தினரும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

*

விசுவாசத்தின்படி வாழ்வது என்பதை நாங்கள் மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். உலை, வழி, குழி.

முதலில் உலை. ஆதித் திருச்சபையில் நடந்த பெரிய சண்டைகளில் ஒன்று பந்தியைப் பற்றியது. அந்தியோக்கியாவில் புறசாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் பந்தியை விட்டு நைசாக விலகினார். பவுல் எல்லார் முன்னாலும் அவரை முகத்துக்கு நேரே கேட்டார். பேதுரு செபத்தில் தப்புப் பண்ணவில்லை, உபதேசத்தில் தப்புப் பண்ணவில்லை. பந்தியில்தான் தப்புப் பண்ணினார். அது சுவிசேஷத்துக்கே துரோகம் என்பதுதான் பவுலின் வாதம். தமிழ்நாட்டு வேதாகமக் கல்லூரிகளில் இந்தப் பகுதியைக் கிரேக்கத்தில் படிக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி வந்து தமிழில் நடத்திக் காட்டுகிறவர் எத்தனை பேர்?

நடத்திக் காட்டியவர் ஒருவர் உண்டு. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005-ல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு. பரட்டை என்றால்தான் பலருக்குத் தெரியும். சாவு மேளம் என்று சபைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறையையும், தீட்டு மெட்டு என்று ஒதுக்கப்பட்ட நாட்டுப்புறப் பாட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். கிராமிய இசையிலேயே ஒரு வழிபாட்டு முறையை உண்டாக்கினார். அவருடைய இறையியலின் மையம் 'ஒரு ஒலை'. சனங்கள் கூட்டுக் குடும்பத்தில் ஒரே அடுப்பில் ஒரே பானையில் பொங்கித் தின்கிறார்களே, அதுதான் கடவுளின் ராச்சியம் என்றார். தனித்தனி உலை வைத்துக்கொண்டு ஒரே திருவிருந்து என்று சொல்வது பொய் என்றார். கஞ்சிக்கு வந்தவர்கள் என்று நம்மை ஏசினார்கள் அல்லவா? கஞ்சிப் பானையையே இறையியலாக்கி அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தவர் பரட்டை.

அடுத்தது வழி. நம்ம மாவட்டத்தில் கலசபாக்கம் வட்டம் வீரளூரில் 2022 ஜனவரி 16-ஆம் தேதி நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பொது வழியில் சவத்தை எடுத்துப் போகும் உரிமையைக் கேட்டதற்காக அருந்ததியர் குடியிருப்புக்குள் புகுந்து வீடுகளையும் வண்டிகளையும் நொறுக்கினார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கிற மாவட்டம் இது. அங்கே செத்துப்போன ஒரு அருந்ததியப் பெண்ணின் உடம்பு ஒரு தெருவைத் தாண்ட முடியவில்லை. 2023 ஜனவரி 30-ல் தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் தலித்துகள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன்முறையாகக் கால் வைக்க, வேங்கிக்காலிலிருந்து கலெக்டரும் கூடவே எஸ்.பி.யும் போலீசும் போக வேண்டியிருந்தது.

"பார்த்தீங்களா, இந்துக்கள் இப்படித்தான், எங்க கோயில் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கு" என்று கிறிஸ்தவர்கள் மார்தட்ட வேண்டாம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் இறையூரைப் பாருங்கள். அங்கே தலித்துகளும் கத்தோலிக்கர், வன்னியரும் கத்தோலிக்கர். இரண்டு பேருக்கும் ஒரே ஜெபமாலை. ஆனால் தலித் சவம் போக வேறு வழி, புதைக்க வேறு இடம். இது தாங்காமல் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவியுங்கள் என்று தலித்துகள் கேட்டார்கள். 2008 மார்ச் 9-ல் அவர்கள் தெருவில் புகுந்து அடித்தார்கள் வன்னியக் கிறிஸ்தவர்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் இரண்டு பேர் செத்தார்கள். அந்த இரண்டு உயிர்களுக்காகவும் நாங்கள் வருந்துகிறோம். ஏழைப் பாட்டாளிகளைச் சாதிவெறிக்குக் காவு கொடுத்தது யார் என்று அந்தக் குடும்பங்களும் ஒரு நாள் கேட்கும்.

மூன்றாவது குழி. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர். ஒரு பக்கம் ஆதிக்க சாதிப் பிணம், மறுபக்கம் தலித் பிணம். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களின் கல்லறையில்! கடைசி நாளில் எக்காளம் ஊதினால் சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் எழுந்திருப்பார்களோ? 2010-ல் பெரியார் இயக்கத் தோழர்கள் போய் அந்தச் சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். கடவுள் இல்லை என்கிறவர்கள் வந்து செய்கிற வேலையாக அதை விட்டு வைத்தது கடவுளை நம்புகிறவர்களுக்கு மானக்கேடு இல்லையா? விசுவாசத்தின்படி நடந்தவர் யார், கடப்பாரை பிடித்தவரா, கையைக் கட்டிக்கொண்டு நின்றவரா?

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு: கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்குத் தலித் கிறிஸ்தவர்கள், தங்களுக்குச் சபைக்குள் நடக்கிற பாகுபாட்டை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் நோட்டீஸ் அனுப்பியது. பீடத்தின் முன்னால் தீர்க்க வேண்டியதை டெல்லி வரைக்கும் இழுத்துக்கொண்டு போக வைத்திருக்கிறார்கள்.

*

உலை, வழி, குழி மூன்றையும் இவர்கள் மறுக்கிறார்கள் என்றால், அரசாங்கம் காகிதத்தை மறுக்கிறது. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் மூடியே இருக்கிறது. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போய்விடுகிறார். சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்ற தொழிலாளி, தனக்கு இலவசப் பெட்டிக்கடை மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் தள்ளுபடி. மதம் மாறிய பிறகும் அவர் தைத்தது செருப்பைத்தான், உட்கார்ந்தது தெருவில்தான். நீதிமன்றத்துக்கு அது போதவில்லை. 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம், சாதி சொல்லித் திட்டப்பட்ட ஒரு பாஸ்டருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்று சொன்னது. திட்டினவனுக்கு அவர் சாதி தெரிகிறது. சட்டத்துக்குத் தெரியவில்லை.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே அந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2022-ல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையத்தைப் போட்டு, கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்தது.

இந்த ஆணையின் விளைவு என்ன? வீட்டில் ஒரு பேர், சான்றிதழில் ஒரு பேர். ஞானஸ்நானம் வாங்கியதை மறைக்க வேண்டிய நிலைமை. பிள்ளை காலேஜில் சேர வேண்டும், பீஸ் கட்ட வழியில்லை, அப்பா என்ன செய்வார்? 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைச் சலுகைக்காகச் செய்கிற மோசடி என்றது. சில பாஸ்டர்கள் இதை விசுவாசத் துரோகம் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் நாங்கள் சொல்வது ஒன்றுதான். பிள்ளையின் படிப்பா, சாமியா என்று ஓர் ஏழையின் கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டுவிட்டு, அவன் சொன்ன பதிலில் குற்றம் கண்டுபிடிக்காதீர்கள். கத்தியைப் பிடித்திருக்கிற கையைப் பிடியுங்கள். இரட்டை வாழ்க்கை வாழ்கிற அந்தத் தகப்பனைக் கூட்டத்தில் வைத்துக் கூசவைக்காதீர்கள் தோழர்களே. அவர் நம்ம ஆள்.

*

"சரி, ஆனா இதையெல்லாம் இப்ப வெளியே பேசினா எதிரிக்குத்தானே லாபம்? சர்ச்சுகளை உடைக்கிறான், பாஸ்டர்களை அடிக்கிறான், இந்த நேரத்துல..." நல்ல எண்ணத்தோடு கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

சிறுபான்மையினர் மேல் கை வைக்கிறவனை எதிர்த்து நாம் முதல் வரிசையில் நிற்போம். 2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது அது சேரியைக் குறிவைத்த சட்டம் என்று தலித் இயக்கங்கள் எதிர்த்தன. மதம் மாறுகிற உரிமை என்பது ஒடுக்கப்பட்டவன் கதவைத் திறந்து வெளியே போகிற உரிமை. அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் வெளியே அடிக்கிறான் என்பதற்காக உள்ளே அடிவாங்கிக்கொண்டு சும்மா இரு என்று யாரும் எங்களிடம் சொல்லக் கூடாது. சபைக்குள் சாதி இருப்பதை மறைத்தது எதிரிக்குத்தான் வசதி. "அங்க போயும் நீ பறையன்தானே" என்று அவன் கேட்கிறானே, அந்தக் கேள்விக்குத் தீனி போட்டது யார்?

2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால், தன்னைப் பார்க்க வந்த தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டை ஒழிக்கச் சொன்னார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையில், சபைக்குள் தீண்டாமை நடப்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்டில் அந்தோணி பூலா இந்தியாவின் முதல் தலித் கர்தினால் ஆனார். வரவேற்கிறோம். அதே வருஷம் புதுச்சேரி-கடலூர் உயர் மறைமாவட்டத்துக்குத் தலித் அல்லாத பேராயர் நியமிக்கப்பட்டபோது, சபையில் பெரும்பான்மையாக இருக்கிற எங்களுக்கு ஒரு பேராயர் கூடவா இல்லை என்று தலித் கிறிஸ்தவர்கள் தெருவுக்கு வந்து கேட்டார்கள். அதையும் வரவேற்கிறோம். அறிக்கை எழுதியதோடு பாவம் கழிந்துவிடாது.

ஆதிக்க சாதிக்காரனை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நம்ம பக்கம் பொய்யாகிவிடும். பறையர் கிறிஸ்தவர் அருந்ததியர் வீட்டில் தண்ணி குடிக்கிறாரா? வீரளூரில் அடி விழுந்தபோது பக்கத்து ஊர்ச் சபைகளில் எத்தனை பேர் அந்த ஞாயிறு அதைப் பற்றிச் செபித்தார்கள்? மிஷன் பள்ளியில் படித்து, வேலை வாங்கி, டவுனில் வீடு கட்டி, நடுக்கூடத்தில் வசனக் காலண்டர் மாட்டி, ஊர்ப்பேரைச் சொல்ல வெட்கப்படுகிற நம்ம படித்த வர்க்கம் எந்த விசுவாசத்தில் சேர்த்தி? பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது. கன்னியர் மடத்துக்குள் போய் ஏழு வருஷம் இருந்து, ஏழைகளுக்காக என்று சொல்லிக்கொண்டு பணக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவதைப் பார்த்து, வெளியே வந்த ஒரு தலித் பெண்ணின் வாக்குமூலம் அது. அவருக்கு விசுவாசம் போய்விட்டது என்றார்கள். அவர் விசுவாசத்தை எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார் என்பது எங்கள் கருத்து. சபைக் கமிட்டியில் பெண்களுக்கு இடம் இல்லை, பெருக்குவதற்கும் அசனத்துக்கு வெங்காயம் உரிக்கவும் மட்டும் பெண்கள் என்றால், அதுவும் தனி உலைதான்.

*

வாழ்ந்து காட்டியவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் செங்கல்பட்டுச் சேரிகளில் ஊழியம் செய்த ஆடம் ஆண்ட்ரு, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் செபத்தோடு நிற்கவில்லை. நிலம் இல்லாமல் இந்தச் சனத்துக்கு விடுதலை இல்லை என்று அரசாங்கத்துக்கு எழுதி எழுதிக் குடைந்தார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் அறிக்கை கொடுத்தார். 1892-ல் பஞ்சமி நிலத்துக்கு வழி பிறந்தது. அந்த நிலம்தான் பிறகு பிடுங்கப்பட்டு மேல்சாதிக்காரர் பட்டாக்களில் போய் ஒளிந்துகொண்டது. அதை மீட்கிற போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. காரணைப் போராளிகள் இரண்டு பேர் செத்தார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை. பேரைப் பாருங்கள் தோழர்களே. மனுவில் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிற அதே இரண்டு பேர்கள். துப்பாக்கிக் குண்டு 1950 ஆணையைப் படித்துவிட்டு வரவில்லை.

ஒரே நிலத்துக்காக ஜானும் ஏழுமலையும் ஒன்றாக விழுந்தார்களே, விசுவாசத்தின்படி வாழ்வது என்பதற்கு இதைவிட நல்ல அர்த்தம் நமக்குக் கிடைக்கவில்லை. தன் சாதிக்குக் கிடைக்கிற லாபத்தை விடுவது, தன்னைவிடக் கீழே தள்ளப்பட்டவன் பக்கத்தில் போய் நிற்பது, அதற்கான விலையைக் கொடுப்பது. விலை கொடுக்காத விசுவாசம் வாரத்துக்கு ஒரு நாள் உடுத்துகிற வெள்ளை வேட்டி மாதிரி. திங்கட்கிழமை மடித்து வைத்துவிடலாம்.

அதனால் மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் நாங்கள் சொல்கிற வேலைகள் இவை. உங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தை ஒரு தடவை சுற்றி நடந்து பாருங்கள். யார் எங்கே புதைந்திருக்கிறார்கள், நடுவில் சுவரோ வேலியோ வாய்க்காலோ இருக்கிறதா என்று எழுதி வையுங்கள். சபைக் கூட்டத்தில் அதைப் படியுங்கள். மிஷன் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆஸ்பத்திரியிலும் தலித்துகளுக்கு எத்தனை இடம், எத்தனை வேலை, அதில் பெருக்குகிற வேலை எத்தனை, பாடம் நடத்துகிற வேலை எத்தனை என்று கணக்குக் கேளுங்கள். சாதி மறுத்துக் கல்யாணம் பண்ணுகிற பிள்ளைகளுக்கு ஓலை வாசிக்க மறுக்கிற போதகர் இருந்தால், அவர் வாசலில் உட்காருங்கள். சாதிச் சங்கத்தில் பதவி வைத்துக்கொண்டு சபைக் கமிட்டிக்கும் நிற்கிறவருக்கு ஓட்டுப் போடாதீர்கள். சுடுகாட்டுப் பாதைக்காக ஏழுமலை மனு எழுதும்போது, ஏசுதாஸ் தன் கல்லறைக்கு வழி இருக்கிறது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. அருந்ததியர் தெருவுக்குக் கேட்கிற பாதைக்கும் பறையர் தெருவிலிருந்து கையெழுத்து விழ வேண்டும்.

இன்னொன்று. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை கொண்டாடுகிறோம். நெல் மூட்டை, பூசணிக்காய், கோழி எல்லாம் ஆலயத்துக்கு வருகிறது. ஏலம் விடுகிறோம், அசனம் போடுகிறோம். அந்த அரிசியை ஒரே பானையில் போடுங்கள். அருந்ததியர் தெருப் பெண்கள் கரண்டி பிடிக்கட்டும். ஊர்த் தெருவுக்கு ஆள் அனுப்பிச் சாப்பிடக் கூப்பிடுங்கள். யார் வந்து உட்காருகிறார்கள், யார் பார்சல் கேட்கிறார்கள், யார் வயிறு சரியில்லை என்று நழுவுகிறார்கள் என்று நின்று பாருங்கள். சபையில் விசுவாசிகள் எத்தனை பேர் என்ற கணக்கு அன்றைக்குத் தெரிந்துவிடும்.

கஞ்சிக்கு வந்தவர்கள் நாம். கஞ்சியின் கணக்கு நமக்குத்தான் தெரியும்.

— ஆசிரியர் குழு